மைமோனிடிஸ் என்ற வைத்தியர்



போன இதழ் வெளிவந்த வாரத்தில்தான் நான் மாடிப்படியில் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆறு வாரம் மாவுக்கட்டோடு படுக்கை. பார்க்க வராதவர்கள் குறைவு. பழம் கொண்டுவந்தீர்கள், இட்லி கொண்டுவந்தீர்கள். ஒருவர் மந்திரித்த கயிறு கொண்டுவந்து காலில் கட்டிவிட்டுப் போனார். இன்னொருவர், எல்லாம் மேலே இருக்கிறவன் செயல், டாக்டர் கையில் என்ன இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். காலை ஏழரைக்கு, நான் பாதி உடம்பு துடைத்த நிலையில் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

படுத்திருந்த நாட்களில் ஒரு மனிதரைப் பற்றி நிறையப் படித்தேன். 800 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த யூத வைத்தியர் அவர். கயிற்றுக்கும், மேலே இருப்பவன் செயலுக்கும், ஏழரை மணி அழைப்புக்கும்கூட அவரிடம் பதில் இருக்கிறது. ஆகவே இந்த முறை அவர் கதை.

அவர் பெயர் மோசே பென் மைமோன். மைமோனின் மகன் மோசே என்று அர்த்தம். ஐரோப்பியர்கள் மைமோனிடிஸ் என்றார்கள். அரபியில் மூசா இப்னு மைமூன். யூதர்கள் இன்றைக்கும் ராம்பாம் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பிறந்தது ஸ்பெயினில் உள்ள கோர்டோபா நகரம், 1138 வாக்கில். பழைய புத்தகங்களில் 1135 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அவர் தம் வயதைப் பற்றித் தாமே எழுதிவைத்த கணக்கு 1138-க்குத்தான் வருகிறது. அன்றைய கோர்டோபா முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. யூதர்கள் அரபியில் பேசினார்கள், ஹீப்ருவில் தொழுதார்கள். அப்பா யூத நீதிமன்றத்தின் நீதிபதி. தாவீது என்று ஒரு தம்பி.

1148-இல் அல்மொஹாத் படை ஊரைப் பிடித்தது. இஸ்லாத்துக்கு மாறு, இல்லையென்றால் கிளம்பு என்பது அவர்கள் போட்ட உத்தரவு. அந்தக் குடும்பம் தெற்கு ஸ்பெயினில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராக அலைந்தது. பிறகு மொராக்கோவின் ஃபெஸ் நகரம். 1165-இல் அங்கிருந்தும் கப்பலேறி, நடுக்கடலில் புயலில் சிக்கி, பாலஸ்தீனக் கரையிலுள்ள ஆக்கோ துறைமுகத்தில் இறங்கினார்கள். ஜெருசலேமையும் எப்ரோனையும் தரிசித்துவிட்டு, கடைசியில் எகிப்தில், கெய்ரோவை ஒட்டிய ஃபுஸ்தாத் என்ற பழைய நகரத்தில் குடியேறினார்கள்.

இந்த அலைச்சலுக்கு நடுவே 23 வயதில் அவர் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். மிஷ்னா என்பது யூதச் சட்டங்களின் பழைய தொகுப்பு. அது முழுவதற்கும் உரை எழுதுவது என்று உட்கார்ந்தார். சத்திரத்திலும் கப்பலிலும் எழுதி 1168-இல், 30 வயதில் முடித்தார். நமக்கு இங்கே வேண்டியது அந்த உரையில் வரும் இரண்டே இடங்கள்.

முதல் இடம், எசேக்கியா மன்னனின் கதை. பழைய யூத மரபு ஒன்று, அந்த மன்னன் மருந்துகளைப் பற்றிய ஒரு நூலை யாருக்கும் கிடைக்காமல் மறைத்து வைத்தான் என்றும், ஞானிகள் அதைச் சரியென்று ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்கிறது. ஏன் மறைத்தான்? மக்கள் நூலைப் புரட்டி உடனே குணமாகி எழுந்து போய்விட்டார்கள், கடவுளை நினைக்கவில்லை, அதனால்தான் என்று அதற்கு விளக்கம் சொல்லிவந்தார்கள். பிரான்ஸில் வாழ்ந்த ராஷி என்ற மாபெரும் உரையாசிரியரே அப்படித்தான் எழுதியிருந்தார். மைமோனிடிஸுக்கு இது பொறுக்கவில்லை. பசித்தவன் ரொட்டி தின்றால் பசி தீர்கிறது. அதனால் அவன் கடவுளை விட்டுவிட்டான் என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டார். சாப்பிட உட்காரும்போது ரொட்டி தந்தவனுக்கு நன்றி சொல்கிறோமே, மருந்து எடுக்கும்போதும் அப்படியே சொல்லலாமே என்றார். அந்த நூலில் சட்டம் அனுமதிக்காத மந்திர தந்திர வைத்தியங்களோ, கெட்டவர்கள் கையில் போனால் ஆளைக் கொல்லும் விஷங்களோ இருந்திருக்கும், அதனால்தான் அரசன் மறைத்தான் என்பது அவர் தந்த விளக்கம்.

இரண்டாவது இடம் எனக்கு இன்னும் பிடித்தது. வைத்தியம் செய்வது கடவுள் விஷயத்தில் தலையிடுவது ஆகாதா என்ற கேள்வி யூதர்களிடம் வெகுகாலமாக இருந்தது. தல்மூத் அதற்கு யாத்திராகமத்தில் ஒரு வசனத்தைக் காட்டி, வைத்தியனுக்கு அனுமதி உண்டு என்று சொல்லிவிட்டது. மைமோனிடிஸ் அனுமதி என்ற அளவோடு நிற்கவில்லை, கடமை என்றார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது உபாகமத்தில், வழியில் கண்டெடுத்த அடுத்தவன் பொருளை அவனிடமே திருப்பிக் கொடு என்ற சட்டம். ஒருவன் தொலைத்த மாட்டைக் கொண்டுபோய் விடவேண்டும் என்றால், அவன் தொலைத்த உடல்நலத்தை மீட்டுத் தர வேண்டாமா? லிஃப்டில் கிடந்த சாவிக்கொத்துக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை அக்கறையாகப் படம் போட்டு விசாரிக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டேன்.

எல்லா யூத அறிஞர்களும் இதை அப்படியே ஏற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர் காலத்துக்குச் சற்றுப் பின்னால் வந்த நாக்மனிடிஸ், தாமும் வைத்தியராக இருந்தவர், முழுமையான பக்தர்கள் வாழும் உலகில் மருத்துவனுக்கே வேலை இருக்காது, நோய் வந்தால் தீர்க்கதரிசியிடம்தான் போவார்கள் என்று எழுதினார். ஆனால் வைத்தியம் பார்ப்பது புண்ணிய கடமை என்பதையும் அதே மனிதர் வேறோரிடத்தில் எழுதியிருக்கிறார். உலகம் இருக்கிற நிலையில் மருந்து வேண்டும் என்பதில் இருவருக்கும் பெரிய சண்டை இல்லை.

இதெல்லாம் எழுதிய காலத்தில் மைமோனிடிஸ் வைத்தியத்தால் பிழைப்பவர் அல்ல. வேதம் படித்ததைக் காட்டி ஊர்ப் பணத்தில் சாப்பிடுவது கூடவே கூடாது என்பது அவர் கொள்கை. அதைக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். குடும்பத்தைத் தாங்கியவர் தம்பி தாவீது. ரத்தின வியாபாரம். தம்பி கடல் தாண்டிச் சம்பாதிக்க, அண்ணன் வீட்டில் கவலையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

செங்கடல் கரையிலிருந்த ஐதாப் என்ற துறைமுகத்திலிருந்து தாவீது அண்ணனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் பழைய தாள்களைப் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. அதில் கிடந்தவற்றில் பெரும்பகுதி 1897-இல் கேம்பிரிட்ஜுக்குப் போயிற்று. ஐதாபில் வாங்குவதற்கு அவுரியைத் தவிர உருப்படியாகச் சரக்கு ஒன்றுமில்லை, அதனால் கடலேறி இந்தியாவுக்கே போகிறேன், கவலைப்படாதே என்று அதில் எழுதியிருக்கிறார் தம்பி. நம் நாட்டை நோக்கி வரும் வழியிலுள்ள கடல்தான் பின்னால் அவரைக் கொண்டுபோயிற்று. இந்தியப் பெருங்கடலில் கப்பல் மூழ்கியது. தம் பணம், அண்ணன் பணம், மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பணம் எல்லாம் தாவீதோடு போயின. மனைவியும் சின்னப் பெண்குழந்தையும் அண்ணன் பொறுப்பில் மிஞ்சினார்கள்.

செய்தி வந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் மைமோனிடிஸ் படுக்கையை விட்டு எழவில்லை. காய்ச்சல், உடம்பில் கட்டிகள், மனம் கலங்கிய நிலை. எட்டு ஆண்டுகள் கழித்தும் ஆக்கோவிலிருந்த ஒரு நண்பருக்கு எழுதும்போது துக்கம் ஆறவில்லை என்கிறார். தம் மடியில் வளர்ந்தவன், தமக்குத் தம்பியும் மாணவனுமாக இருந்தவன் என்கிறார். அவன் கையெழுத்தையோ அவன் படித்த புத்தகத்தையோ பார்த்தால் போதும், நெஞ்சு புரண்டுவிடுகிறது என்கிறார். ஆறு வாரத்துக்கே நான் சுவரைப் பார்த்து அழுதிருக்கிறேன். அந்த ஒரு வருடத்தை நினைத்துப் பார்த்தேன்.

எழுந்த பிறகு ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பத்துக்கான சாப்பாடு தேட வேண்டியிருந்தது. வைத்தியத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டார்.

1185 வாக்கில் அவர் பெயர் அரண்மனை வரை போயிற்று. சிலுவைப் போர்களில் புகழ்பெற்ற சுல்தான் சலாஹுதீனின் வலக்கையான அமைச்சர் அல்-காதி அல்-ஃபாதில் அவருக்கு ஆண்டு மானியம் கொடுத்து வைத்தியராக அமர்த்தினார். சுல்தானின் மூத்த மகன் அல்-அஃப்தலுக்கும் பின்னால் அவர்தான் வைத்தியர். இதற்குள் அவர் யூதச் சட்டம் முழுவதையும் 14 பகுதிகளாகத் தொகுத்த மிஷ்னே தோரா என்ற நூலை முடித்திருந்தார். தத்துவ நூலொன்றும் எழுதினார். அது பெரிய கடல், நாம் இறங்க வேண்டாம். மருத்துவ நூல்கள் சுமார் பத்து, எல்லாம் அரபியில்.

அந்தச் சட்ட நூலில்தான் என் விருந்தாளிகளுக்கான பதில்கள் இருக்கின்றன.

முதலில் கயிறு. காயத்தின்மேல் வேத வசனத்தை ஓதி ஊதுவதை அவர் கண்டிக்கிறார். வேதம் ஆன்மாவுக்கு மருந்து, அதை எடுத்துப் புண்ணுக்குக் கட்டாதே என்கிறார். அதோடு விட்டிருந்தால் அவரை வெறும் கறார் பேர்வழி என்று நினைத்திருப்பேன். அதற்கு ஒரு விதி முன்னால், தேளோ பாம்போ கடித்தவனுக்கு அந்த இடத்தில் மந்திரம் சொல்லலாம் என்கிறார். அதனால் ஒரு பயனும் கிடையாது என்று எழுதிவிட்டுத்தான் அனுமதிக்கிறார். உயிராபத்தில் இருப்பவன் மனம் கலங்கிவிடக் கூடாதே என்பதற்காக. என் கணுக்கால் உயிராபத்து இல்லை. இருந்தாலும் அந்தக் கயிற்றை நான் கழற்றவில்லை.

அடுத்தது ஓய்வு நாள். சனிக்கிழமை யூதர்கள் நெருப்பு மூட்ட மாட்டார்கள், அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்தான நோயாளி இருந்தால் அத்தனை தடையும் விலகிவிடும். இது அவருக்கு முன்பே இருந்த சட்டம். அந்த வேலையை வேற்று மதத்தவரையோ சின்னப் பையனையோ ஏவிச் செய்யாதே, ஊரிலேயே பெரிய அறிஞர்கள் முன்வந்து தங்கள் கையால் செய்யவேண்டும் என்று எழுதிவைத்தார். ஓய்வு நாள் ஏதோ அற்பமானது, கூலிக்காரனை விட்டு மீறலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உயிர்தான் பெரிது என்பதைப் பெரியவர்களே செய்துகாட்ட வேண்டும். யோம் கிப்பூர் உபவாசத்திலும் அப்படித்தான். நோயாளி எனக்குச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டுவிட்டால், வைத்தியர்கள் வேண்டியதில்லை என்று சொன்னாலும் கொடுத்துவிட வேண்டும். அவன் உடம்பு அவனுக்குத் தெரியும்.

இனி அழைப்பு மணி. நோயாளியைப் போய்ப் பார்ப்பது எல்லோர்மேலும் விழும் கடமை. பெரிய மனிதரும் எளியவரைப் போய்ப் பார்க்க வேண்டும். நோயாளிக்குத் தொந்தரவு இல்லாதவரை ஒரே நாளில் எத்தனை முறையும் போகலாம். ஆனால் பகலின் முதல் மூன்று மணி நேரத்திலும் கடைசி மூன்று மணி நேரத்திலும் போகாதே என்கிறார். அந்த நேரத்தில் வீட்டார் நோயாளிக்குச் செய்யவேண்டியவற்றைச் செய்துகொண்டிருப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்துதான் பார்க்கப் போகவேண்டும், நோய் திடீரென்று வந்து கடுமையானால் உடனே போகலாம். இதை நம் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம் என்று செயற்குழுவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நோய் வராமல் பார்த்துக்கொள்வதையும் அவர் சட்டமாகவே எழுதினார். உடம்பு சரியில்லாதவனால் கடவுளை நினைக்க முடியாது, ஆகவே உடம்பைப் பேணுவதும் பக்தியின் பகுதி என்பது அவர் கணக்கு. பசித்த பின் சாப்பிடு. வயிறு முக்கால் நிறைந்ததும் எழுந்துவிடு. சாப்பாட்டுக்கு முன் உடம்பு சூடேறும்படி நட, உழை. இரவில் எட்டு மணி நேரம் தூங்கு. சாப்பிட்டவுடன் படுக்காதே, மூன்று நான்கு மணி நேரம் போகட்டும். பகல் தூக்கம் கூடாது; ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பின் இதை மட்டும் யாரும் கேட்கப்போவதில்லை. இப்படி நடப்பவனுக்கு முதுமை வரை வைத்தியன் தேவைப்படாது என்று பொறுப்பேற்றே சொல்கிறார். பிறவியிலேயே உடம்பு சரியில்லாதவர்கள், கொள்ளைநோய், பஞ்சம் இவற்றுக்கு விதிவிலக்கும் தருகிறார்.

படித்தவன் குடியிருக்கத் தகுந்த ஊரில் பத்து விஷயங்கள் இருக்கவேண்டும் என்று தல்மூத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதையும் தம் நூலில் சேர்த்திருக்கிறார். வைத்தியர், ரத்தம் எடுப்பவர் (அன்றைய சிகிச்சையில் அது பெரிய பங்கு), குளியல் கூடம், கழிப்பறை, ஓடும் நீர், தொழுகைக்கூடம், பிள்ளைகளுக்கு ஆசிரியர், எழுத்தர், தர்மப் பணம் திரட்டுபவர், நீதிமன்றம். வீடு வாங்கும்போது நாம் நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்டோம்.

சுல்தான் மகனுக்காக எழுதிய நலவாழ்வு நூலில் வீட்டைப் பற்றியும் வருகிறது. நகரத்துக் காற்று கெட்டது. நெருக்கமான கட்டடங்கள், குறுகலான தெரு, குப்பை, புகை. ஊரை விட்டுப் போக முடியாதவர்கள் ஓரப் பகுதியிலாவது, உயரமான வீடாக, அகலமான முற்றத்தோடு, வெயிலும் வடகாற்றும் புகும்படி பார்த்துக் குடியேறுங்கள், கழிப்பறை வசிக்கும் அறைகளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்கிறார். மேல் மாடிக்காரர்கள் சந்தோஷப்படலாம்.

அந்த அல்-அஃப்தலுக்கு அப்போது 30 வயதுக்குச் சிறிது குறையவோ கூடவோ இருக்கும். மலச்சிக்கல், அஜீரணம், அதோடு ஓயாத கெட்ட எண்ணங்கள், சாவு பயம். எல்லா மருந்துக்கும் முன்னால் மனத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்கு எழுதினார். கொஞ்சம் மதுவும் இசையும் உதவும் என்றும் சொன்னார். யூத வைத்தியர், முஸ்லிம் இளவரசன், மது! ஆட்சேபம் வரும் என்று தெரிந்து, வைத்தியன் பயன் தருவதைச் சொல்லியே ஆகவேண்டும், எடுப்பதும் விடுவதும் நோயாளியின் விருப்பம் என்று விளக்கமும் எழுதினார்.

1199-ஐ ஒட்டி விஷக்கடி பற்றி அமைச்சருக்காக ஒரு நூல். பாம்பு, தேளோடு வெறிநாயும் அதில் உண்டு. கடித்த உடனே ஒன்றும் தெரியாது, நாள் கழித்துத்தான் அறிகுறி வரும், தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் அதற்குப் பின் பிழைத்தவர் யாரையும் தாம் கண்டதில்லை, சிகிச்சை எதுவானாலும் அதற்கு முன்பே தொடங்கவேண்டும் என்று எழுதுகிறார். அன்று தடுப்பூசி இல்லை, அவர் தந்த மருந்துகள் இன்று உதவாது. ஆனால் அவசரம் அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின் கேட்டருகே நாய் கடித்தால், சின்னக் கீறல்தானே என்று விடாமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள்.

அவர் சொன்னபடி அவர் வாழ்ந்தாரா? இல்லை. 1199-இல், தம் தத்துவ நூலை ஹீப்ருவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சாமுவேல் இப்னு திப்பொன் நேரில் பார்க்க வர விரும்பியபோது, வராதே, எனக்கு நேரமே இல்லை என்று தம் தினசரியை எழுதி அனுப்பினார். தாம் இருப்பது ஃபுஸ்தாத்தில், அரண்மனை கெய்ரோவில். இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம். விடிந்ததும் புறப்பட்டுப் போகவேண்டும். அரண்மனையில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பெரும்பகுதி நாள் அங்கேயே போய்விடும். நண்பகலுக்குப் பின் பசியோடு திரும்பினால் முன்னறை நிறைய ஆட்கள்: யூதர்கள், வேற்று மதத்தவர், பெரியவர், எளியவர், நீதிபதிகள், அதிகாரிகள், நண்பர், பகைவர். வாகனத்திலிருந்து இறங்கி, கை கழுவி, கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சி, ஏதோ கொஞ்சம் சாப்பிடுகிறார். 24 மணி நேரத்துக்கு அதுதான் ஒரே சாப்பாடு. பிறகு இருட்டும் வரை, சில நாள் அதற்கும் மேல் இரண்டு மணி நேரம் நோயாளிகள். களைப்பில் மல்லாந்து படுத்தபடியே மருந்து சொல்கிறார். ஓய்வு நாளிலும் ஊர்க்காரர்கள் ஆலோசனைக்கு வந்துவிடுகிறார்கள்.

எட்டு மணி நேரத் தூக்கத்தைச் சட்டமாக எழுதியவரின் அறுபதாம் வயது இது. தம்பி உயிரோடிருந்தால் இத்தனை ஓட்டம் இருந்திருக்குமா என்று படிக்கும்போது தோன்றாமல் இல்லை.

1204 டிசம்பர் 13-இல் ஃபுஸ்தாத்தில் இறந்தார். கலிலேயாவின் திபேரியாவில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு. இன்றும் அங்கே அவர் கல்லறைக்கு மக்கள் போகிறார்கள். மகன் ஆபிரகாம், அப்போது 18 வயதுப் பையன், அப்பாவைப் போலவே வைத்தியராகவும் எகிப்து யூதர்களின் தலைவராகவும் ஆனார்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மருத்துவர் தினத்தன்று மைமோனிடிஸின் பிரார்த்தனை என்று ஒன்று உங்கள் போனுக்கு வரக்கூடும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது முதலில் அச்சானது 1783-இல், ஜெர்மன் மொழியில். அவர் எழுதியது அல்ல.

கெய்ரோவின் பழைய யூதர் தெருவில் அவர் பெயரில் ஒரு தொழுகைக்கூடம் இருக்கிறது. 2010-இல் எகிப்து அரசு அதைப் புதுப்பித்தது. அதற்குக் கீழே சிறு அறைகள் உண்டு. தீராத நோயுள்ளவர்கள் ஒரு இரவு அங்கே படுத்துத் தூங்கினால் ராம்பாம் குணப்படுத்துவார் என்று நம்பி, தலைமுறை தலைமுறையாக யூதர்கள் வந்து படுத்திருக்கிறார்கள். அவர் பார்த்திருந்தால் முதலில் கோபப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, வந்தவர் சாப்பிட்டாரா என்று கேட்டு, நாடியைப் பிடித்திருப்பார்.